பூச்சியமான கிணற்றுப் பங்கு

அந்த அக்காவின் பெயர் நினைவில்லை, கோபம் நினைவிருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் கோப்பாயில் ஒரு நில அளவையாளரிடம் நான் காணிப் படம் வரைந்துகொண்டிருந்தேன். அங்கேதான் அவர் வந்தார். மெலிந்த, நெடிய பெண். பேசும்போதெல்லாம் வாளிக்கயிறு இழுப்பதுபோலக் கைகள் மாறி மாறி அசையும். அவர்களின் குடும்பக் காணிக்கு நான் தயாரித்த பங்குப் பட்டியலை மேசையில் எறிந்தார்.

“கிணத்திலை எனக்குப் பங்கு பூச்சியமாம். இனி அள்ள வரவேண்டாமெண்டு அண்ணைமார் சொல்லுகினம். உதை ஆர் எழுதினது?”

நான்தான். அவருடைய பங்கு இருநூற்றுப் பதினாறில் ஒன்று. கல்குலேற்றரை இரண்டு தசம தானத்துக்கு வைத்திருந்தேன், திரையில் 0.00 வந்தது, அப்படியே எழுதிவிட்டேன். இப்போது தானங்களைக் கூட்டி 0.00463 என்று காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கெட்டித்தனத்தைக் காட்டவேண்டாமா? அந்த எண்ணை மெமறியில் போட்டுவிட்டு, மறுபடி இரண்டு தானத்துக்கு மாற்றினேன். பழைய 0.00. மூலையில் மட்டும், மெமறியில் எண் இருப்பதைக் காட்டும் ஒரு சின்ன ‘எம்’ எழுத்து.

“பாருங்கோ அக்கா, உங்கடை பங்கு உள்ளுக்கை பத்திரமாக் கிடக்கு. திரையிலைதான் தெரியேல்லை.”

“உள்ளுக்கை கிடந்து என்ன? அண்ணைமார் பாக்கிறது வெளியிலையெல்லோ!”

காணி உறுதிப் பத்திரத்தை விரித்து ஒரு வரியில் விரலை ஊன்றினார்.

“இருநூத்திப் பதினாறிலை ஒண்டெண்டு இதிலை வடிவாக் கிடக்கு. உன்னை ஆர் தம்பி தசமமாக்கச் சொன்னது?”

பின்னமாகவே திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

தசமமாக்கும்படி யாருமே சொல்லவில்லை. புதுக் கல்குலேற்றர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.