தோளுக்கு ஒரு பஃபர்

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். நார்த்மீட் என்ற வெளிநாட்டுப் புறநகரில் குடியேறியதும் நான் செய்த முதல் புத்திசாலித்தனம், சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துவக்குகளுக்கு அந்த நாட்டில் அப்போது தடை வரவில்லை. ஞாயிறுதோறும் அப்படியொன்றால் கடதாசி வட்டங்களைச் சுட்டேன். சுடும்போதெல்லாம் அது தோளில் உதைத்தது. உள்ளே அதிர்வைத் தாங்கிக்கொள்ளும் விரலளவு பஃபரை மாற்றினால் உதை குறையும் என்றார்கள்.

எதை வாங்கலாம் என்று மகளின் பிறந்தநாள் விருந்தில் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். வாழ்நாளில் துவக்கைத் தொட்டறியாத என் கணக்காளர் நண்பர்கள் எல்லோரும் நிபுணர்களாகிவிட்டார்கள்.

"ரப்பர் போடும் ஐசே, மெத்தெண்டு இருக்கும்," என்றார் ஒருவர்.

"ரப்பர் உருகிப்போகும். ஸ்பிரிங் வைச்சதுதான் திறம்," என்றார் இன்னொருவர்.

கேக் வெட்டுவதையும் மறந்து, ரோல்ஸ் ஆறிப்போகும்வரை சண்டை பிடித்தார்கள்.

முந்தின மாதம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்துசேர்ந்த என் மாமியார், குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தோளுக்குச் சரி தம்பி," என்றார். "சத்தத்துக்கு ஒண்டும் விக்கிறாங்களில்லையோ?"

ரப்பரையே வாங்கினேன். அருமையான சாமான். தோள் நோகவேயில்லை.