இடுப்பில் கட்டிய குழவி

சூடேறிய இரும்பின்மேல் "மல்லாட்டை" எண்ணெய், அதாவது கடலை எண்ணெய், சொட்டும்போது எழுகிற காந்தல் வாடைதான் எங்கள் வீட்டில் குழம்பு வாடையைவிட அதிகம். பாகூர்ப் பக்கம், பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். மாடு பூட்டிய கரும்பாலைகளுக்குப் பழுது பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு வீட்டின் முன்கட்டுதான் பட்டறை. அங்கே பலகையின்மேல் நின்றது, புதுச்சேரியில் பழைய இரும்பாக வாங்கிவந்த, இரும்பில் துளை போட, கையால் சுற்றுகிற "தொளை மிஷினு".

அதில் வேலைக்குரிய இரும்பை வைக்கும் சிறு மேசை ஒரு கம்பத்தில் ஏறி இறங்கும். மெல்லிய தகடென்றால் மேசையை உயர்த்த வேண்டும், தடித்த இரும்பென்றால் தாழ்த்த வேண்டும். திருகைத் தளர்த்தினால் மேசை தொப்பென்று விழும் என்பதால், ஒருவர் அடியில் தாங்க இன்னொருவர் முடுக்க வேண்டும். மேலிருக்கும் இரும்பை எடுத்துவிட்டுத் தூக்கச் சொல்லும் பொறுமைகூட அப்பாவுக்குக் கிடையாது. "இந்தா, வந்து புடி!" என்று குரல் வரும்; அம்மா அடுப்பை விட்டு ஓடுவாள். ஒரு கரும்பாலைப் பருவத்தில், அப்படித் தூக்கிய ஒருநாள் மாலையில்தான் அவள் வயிற்றிலிருந்தது கலைந்துபோனது. அதனால்தானா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த பருவத்தில் அம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். வாசலில் வண்டிகள், உடைந்த ஆலைகள், வசைகள். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. குரல் வந்தது. அம்மா ஓடவில்லை. அம்மிக் குழவியை என்னைக் கொண்டு உருட்டிவரச் செய்து, கிணற்று உருளையை விட்டத்தில் மாட்டும்படி அப்பாவிடம் சொன்னாள்.

"ஏத்தத்துக்குக் கல்லு கட்றோமில்ல? இதுக்கு மட்டும் நானா கல்லு?"

அப்பா முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். கயிற்றின் ஒரு முனை மேசையில், மறுமுனை குழவியின் கழுத்தில். திருகைத் தளர்த்தியும் மேசை விழவில்லை. ஒரு விரலால் தள்ளினால் ஏறியது. வண்டிக்காரர்கள் காத்திருப்பதையும் மறந்து அப்பா அதை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, பார்த்துவிட்டு அலறினாள். பெயர் வைக்கிற நாளில் குழந்தைக்கு முன்னால் குழவியைக் குளிப்பாட்டித் தொட்டிலில் இடுகிற வழக்கம் எங்களுடையது. அந்த வீட்டில் குழவியும் ஒரு பிள்ளைதான்.

"புள்ளத்தாச்சி பண்ற வேலையாடி இது? கழுத்துல கயிறு போட்டுத் தொங்க வுட்டிருக்க! டேய் தம்பி, அவுருடா!"

பிரெஞ்சுப் பட்டாளத்து "சொல்தா"வுக்கும் அஞ்சாத அப்பா அக்காளுக்கு அஞ்சி அவிழ்த்துவிட்டார். எனக்கு ஆத்திரமாய் வந்தது. அம்மாவோ நின்ற இடத்திலிருந்தே, "அப்ப நீங்க வந்து புடிங்க அண்ணி" என்றாள்.

அத்தை வீம்புக்குப் புடவையைச் செருகிக்கொண்டு வந்தாள். தகட்டுக்கு ஏற்று, அச்சுக்கு இறக்கு, மறுபடி ஏற்று. உச்சிவேளைக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியே அம்மாவின் வயிற்றை வெகுநேரம் பார்த்தாள்.

"கழுத்துல வேணாண்டா. இடுப்புல கட்டு. புள்ளைக்கு அரணாக்கயிறு கட்டற மாதிரி."

முடிச்சைக்கூட அவளே போட்டாள். அன்றிலிருந்து மிளகாய் அரைக்கப் பக்கத்து வீட்டு அம்மிக்கு அலைந்தது நான்தான். அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

மறுநாள் கூப்பிடாமலே பட்டறைக்கு வந்த அம்மா, மேசை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்" என்றார் அப்பா, பெருமையாக.

"போன வருசமே கட்டியிருக்கலாமில்ல?"

சுற்றிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. வெளியே வண்டிக்காரன் கத்தினான். கை மறுபடி, முன்னைவிட வேகமாகச் சுற்றத் தொடங்கியது.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். இப்போது அந்தப் பட்டறையும் இல்லை, மாட்டு ஆலைகளும் இல்லை. சென்ற மாதம் தம்பி மகன் புதிதாக வாங்கிய துளை எந்திரத்தைக் காட்டினான். பக்கத்துக் கைப்பிடியை அவன் ஒரு கையால் சுற்ற, மேசை சத்தமில்லாமல் மேலேறியது. "எப்படி அத்தை?" என்று கேட்டான். நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். எனக்கும் அவன் அப்பாவுக்கும் நடுவில் ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் இருந்திருக்கும்.