வெட்டுக்கத்தியும் சிதறால் மலையும்

ஓணச் சரக்கு வந்து குவிகிற வாரத்தில் எந்த வியாபாரியாவது மலை ஏறுவானா? நான் ஏறினேன். போன சனிக்கிழமை, தம்பி செல்வனுக்காக.

குழித்துறையில் எனக்கு வாழைக்குலைக் கடை. சில வருடங்களுக்கு முன் ஒரு வாய்ச்சண்டையில், கடைக் கத்தியாலேயே எங்களிடம் வேலை பார்த்த தங்கராஜின் வலது கையை வெட்டியவன் செல்வன். தண்டனை முடிந்து வந்து மனநல ஆலோசனைக்குப் போகிறான். மறுபடி கடையில் சேர்க்கச் சொல்லி நச்சரிப்பு. “முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒருநாள் எங்களோட மலைக்கு வாங்க” என்றார் ஆலோசகர் அம்மா.

மார்த்தாண்டத்திலிருந்து சிதறாலுக்கு ஏழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது கொடுத்தேன்.

“மலையில என்ன விசேஷம் அண்ணாச்சி?” என்றார் ஓட்டுநர்.

“தம்பிக்கு கோவம் கொறையணுமாம்.”

“எனக்க பெண்டாட்டியையும் சேர்ப்பாவளா?”

காலை எட்டு மணிக்கு ஏறத் தொடங்கினோம். கல் பாவிய பாதை, பதினைந்து இருபது நிமிடம். வழியில் பேசக் கூடாதாம். மேலே சமணச் சிற்பங்கள் செதுக்கிய பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி, முதலில் தனக்கு, பிறகு தன்னால் காயப்பட்டவருக்கு நல்லது நினைக்க வேண்டுமாம். எனக்குக் கடையில் பழுக்கிற ஏத்தன் வாழைக்குலைதான் நினைவில் நின்றது.

கண்ணைத் திறந்த செல்வன், “மனசு லேசாச்சு அண்ணே” என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஒனக்கு லேசாச்சு செரி. தங்கராஜுக்கு என்னலே ஆச்சு?”

ஆலோசகர் என்னைத் தடுக்கவில்லை. “செல்வன், யாருக்கு நல்லது நினைச்சீங்க?”

“அந்த ஆளுக்கு.”

“எந்த ஆளு?”

பாறையைப் பார்த்தபடியே சொன்னான்: “தங்கராஜுக்கு. சர்ச்சில பின் பெஞ்சில ஒளிஞ்சு இருந்து பாத்தேன். பைபிள எடக்கையால திருப்புகான். சட்டப் பித்தானு அவுந்து கெடந்தத அவனுக்க பெண்டாட்டி போட்டு விட்டா. நான் வெட்டினதுதான் அண்ணே.” வெட்டினேன் என்று அவன் வாயால் அன்றுதான் கேட்டேன். கோர்ட்டில்கூடச் சொன்னதில்லை.

“இரக்கம்னா விட்டுடறது இல்லீங்க. தன்னையே வெறுக்கறவன் செஞ்சதை நேராப் பார்க்க மாட்டான். ஓடுவான், இல்ல மறுபடி கையை ஓங்குவான்” என்றார் அந்த அம்மா.

“இத கீழேயே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேனே. நீங்க போன்ல குலை விலை பேசிட்டிருந்தீங்க.”

இறங்கும்போது செல்வன் கேட்டான்: “கடைக்கு வரட்டா?”

“அத நான் சொல்லப்பிடாது. தங்கராஜ் சொல்லணும்.”

இதுபோல ஆளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும், போனை அணைத்து வையுங்கள். தியானம் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று கைகுலுக்கிவிடாதீர்கள். வெட்டுப்பட்டவர் மலைக்கு வரவில்லை.

தங்கராஜ் இப்போது என் கடையில் தராசு பார்க்கிறார். திங்கட்கிழமை அவரிடம் கேட்டேன். இடக்கையால் எடைக்கல்லை நகர்த்திக்கொண்டே இருந்தார்.

“வரட்டும்” என்றார் கடைசியில். “ஆனா கத்தி எனக்க மேசையிலதான் இருக்கும். ஒவ்வொரு குலை வெட்டவும் எனக்க மொகத்தப் பாத்துக் கேட்டு வாங்கட்டு.”