ரொட்டியக்காவுக்கு மட்டும் தெரிந்த கல்யாணம்

அந்தக் காலத்தில் ஒரு தொடரின் மீது கோபம் வந்தால், அதைத் தொலைபேசியில்தான் கொட்ட வேண்டும். கொட்டியதெல்லாம் வந்து விழுந்த இடம், தொலைக்காட்சி நிலையத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு சிறிய அறை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அங்கே தொலைபேசிப் பலகையின் முன் அமர்ந்திருந்தவரை நிலையத்தில் எல்லாரும் போர்டம்மா என்றே அழைத்தார்கள்.

எந்த விளக்கு எரிகிறதோ அந்தத் துளையில் வடத்தைச் செருகி, வேண்டியவருக்கு இணைத்துக் கொடுப்பதே அவருடைய வேலை. ஆனால், நேயர்களின் அழைப்பை மாடியில் ஒருவரும் வாங்கமாட்டார்கள்.

"நீங்களே பேசி அனுப்பிடுங்கம்மா" என்று கதாசிரியர் கழன்றுகொள்வார்.

"நான் என்ன சார் பேசறது? கதை எழுதறது நீங்க, திட்டு வாங்கறது நானா?"

"உங்க குரலைக் கேட்டா யாராலயும் முழுசாத் திட்ட முடியாதும்மா. பாதியிலேயே 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டுடறாங்க."

அது உண்மைதான். ஒரு முறை, தினமும் மாலையில் வந்த குடும்பத் தொடரின் முகப்பு இசையை மாற்றினார்கள். பழைய புல்லாங்குழல் போய், ஏதோ தகரத்தைத் தட்டுவது போன்ற புதிய இசை வந்தது. மறுநாள் பலகை முழுவதும் விளக்கு.

"அந்தக் குழல் சத்தம் கேட்டுத்தான் நான் அடுப்பை அணைப்பேன். நேத்து பால் பொங்கி வழிஞ்சு, வீடெல்லாம் தீஞ்ச நாத்தம். யாரு பொறுப்பு?" என்றார் ஒருவர். போர்டம்மா அந்தப் பாலையும் சேர்த்து மாடிக்கு எடுத்துச் சென்று முறையிட்டார். அந்த வாரமே குழல் திரும்பி வந்தது. தம் வாழ்நாளில் தாம் வென்ற ஒரே வழக்கு அதுதான் என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்.

திட்டுவதற்கென்று இல்லாமல், கதை கேட்பதற்கென்றே அழைத்தவர் ஒருவர்தான். ரொட்டித் தொழிற்சாலையில் மாலை வேலை பார்த்த அந்த அம்மாள் தம் பெயரைச் சொன்னதே இல்லை. போர்டம்மாவுக்கு அவர் ரொட்டியக்கா. தொடர் ஒளிபரப்பாகும் நேரத்தில் அவர் சூடான ரொட்டிகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருப்பார். தொழிற்சாலைக்குப் பின்னாலேயே விடுதி. அங்கே தங்கியிருந்த எல்லாருக்கும் அதே நேர வேலை. ஆகவே, மறுநாள் வேலைக்குப் போகும் முன் விடுதித் தொலைபேசியில் ரொட்டியக்கா கதையைக் கேட்டுக்கொள்வார். பிறகு, ரொட்டி சுற்றிக்கொண்டே மற்றவர்களுக்குச் சொல்வார். ரொட்டியக்கா வாய் திறந்தால் மேசையைச் சுற்றி ஒரு சத்தம் இருக்காதாம்.

"நேத்து மூத்தவ என்ன புடவை கட்டியிருந்தா?"

"நீலம், அக்கா."

"மறுபடியும் நீலமா? அந்தச் சீரியல் கம்பெனிக்காரங்களுக்கு வேற புடவையே வாங்க வக்கில்லையா?"

மூத்தவள் என்பது அந்தத் தொடரின் நாயகி. தம்பி தங்கையரைப் படிக்கவைப்பதற்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவள். ஒருவழியாக நாள் குறித்தார்கள். அதற்குள் அந்த நடிகைக்குச் சினிமாவில் வாய்ப்பு வந்துவிட்டது. கதாசிரியர் வேறு வழியின்றி, கல்யாணத்துக்கு முந்தைய நாள் அவளைப் பேருந்தில் அடிபட்டுச் சாக வைத்தார்.

மறுநாள் காலையில் பலகை பற்றி எரிந்தது. "உங்க வீட்டுல பொண்ணே இல்லையா?" என்று ஒரு தாய் கேட்டார். ஒரு முதியவர் மிகுந்த பணிவுடன், "குடும்பத்தாருக்கு என் அனுதாபத்தைச் சொல்லிடுங்கம்மா" என்றார். "சொல்லிடறேங்க ஐயா" என்று போர்டம்மாவும் தம்மை அறியாமல் சொல்லிவிட்டார். அவரும் முந்தைய நாள் அழுதவர்தான்.

நண்பகலுக்குப் பிறகு ரொட்டியக்காவின் அழைப்பு வந்தது. குரலிலேயே சிரிப்பு.

"என்னம்மா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா? இங்க எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு இருக்காங்க."

காலையிலிருந்து கேட்ட அழுகை போதும் என்று தோன்றியதோ என்னவோ, போர்டம்மாவின் நாக்கு முந்திக்கொண்டது.

"முடிஞ்சுதுக்கா. ஜாம்ஜாம்னு முடிஞ்சுது."

சொன்னபின் திரும்ப அள்ள முடியவில்லை. நாளை சொல்லிவிடலாம் என்று எண்ணினார். நாளை வந்தபோது ரொட்டியக்கா, "மாமியார் எப்படி?" என்றார்.

"தங்கமானவங்கக்கா."

"தங்கமா? சீரியல்லயா? நல்லாப் பாத்தியா, வேஷம் போடறாளா என்னன்னு?"

இப்படியே மூத்தவளுக்குப் புகுந்த வீடு எழும்பியது. முற்றமும் முருங்கை மரமும் வந்தன. நிலையத்தில் எவரும் எழுதாத அந்தக் கதையை, வீட்டில் காய் நறுக்கும்போதெல்லாம் போர்டம்மா யோசித்துவைத்தார். உண்மையான தொடர் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால், ரொட்டியக்கா அழைக்கும்போதெல்லாம் இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார், சொல்லமாட்டார். உண்மை தெரிந்தால் ரொட்டியக்கா தம்மிடம் மறுபடியும் பேசுவாரா என்பதே அவருடைய கவலை.

தெரிந்துவிட்டது. காலை வேலையிலிருந்து மாறி வந்த ஒருத்தி, எல்லார் முன்னிலையிலும், "எந்த மூத்தவக்கா? அவ செத்து எத்தனை நாளாச்சு!" என்று சிரித்திருக்கிறாள்.

"நான் அவகூட மல்லுக்கு நின்னேம்மா" என்றார் ரொட்டியக்கா. "நிலையத்துல இருக்கற பொண்ணே எனக்குச் சொல்லுது, உனக்கென்னடி தெரியும்னு கேட்டேன். இப்ப என்னைப் பாத்தாலே 'கல்யாண வீட்டுக்காரி'ன்னு சிரிக்கறாங்க. அந்த மாமியாரும் பொய்யா?"

"அக்கா..."

"வை போனை."

அதன்பின் மழைக்காலம் வந்து போயிற்று. பிற்பகலில் ஒவ்வொரு விளக்குக்கும் போர்டம்மாவின் கை முந்தியது. வந்ததெல்லாம் வேறு குரல்கள். தொடரை மக்களே மறந்துகொண்டிருந்த ஒரு நாளில், "நான்தான்" என்று ஒரு குரல் கேட்டது.

"அக்கா! மன்னிச்சிடுங்க, நான் வேணும்னு..."

"அதெல்லாம் அப்புறம். மூத்தவ எப்படிப் போனா? அதைச் சொல்லு."

"அவங்கதான் சொல்லியிருப்பாங்களேக்கா?"

"பஸ் அடிச்சுதுன்னு சொன்னாங்க. அது செய்தி. நான் செய்தியா கேக்கறேன்? எல்லாரும் அன்னைக்கே அழுது முடிச்சுட்டாங்க. நான் மட்டும் அவ முருங்கைக்காய் பறிக்கறான்னு சிரிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு அவ இன்னும் சாகலம்மா. ஒழுங்காச் சொல்லு."

போர்டம்மா நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். தங்கைக்குப் புதுச்செருப்பு வாங்க மூத்தவள் கடைக்குப் போனதிலிருந்து தொடங்கினார். செருப்புப் பெட்டியை மார்போடு அணைத்தபடி அவள் சாலையோரம் நின்றதைச் சொன்னார்.

"பின்னால என்ன மியூசிக் வாசிச்சாங்க?"

"ஒண்ணுமே வாசிக்கலைக்கா. அந்த இடத்துல சுத்தமா நிறுத்திட்டாங்க. அந்தப் பக்கத்துலேருந்து தங்கச்சி கூப்பிடற சத்தம் மட்டும்தான். இவ அவளைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இறங்கறா..."

மறுமுனையில் மூச்சு உடைந்தது. போர்டம்மாவும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மற்ற விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் சிமிட்டின. மாடியிலிருந்து கதாசிரியர் எட்டிப்பார்த்து, "போர்டம்மா, லைன் எல்லாம் காத்துக்கிட்டு இருக்கே!" என்று கத்தினார். போர்டம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரொட்டியக்கா வெகுநேரம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்தும் ஓசை கேட்டது.

"பெட்டி என்னாச்சும்மா? அந்தச் செருப்பு?" என்றார்.