சின்ன மாமாவின் கேசட்

சின்ன மாமா மஞ்சள் காமாலையில் செத்தபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடத்தோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதன் பிறகு ஊர் ஊராகச் சுற்றியதில் எத்தனையோ சாவு வீடுகளைப் பார்த்துவிட்டேன். அதைப்போல் ஒன்று இல்லை.

அம்மாவின் தம்பி அவர். பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்குவார். சாயங்காலம் கல்யாணக் கச்சேரிகளில் கிதார் வாசிப்பார். ஜனங்கள் பாடுகிறவனைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் பந்தியைப் பார்ப்பார்கள். கப்பலில் வேலை செய்த தோஸ்து ஒருவர் அவருக்கு வெளிநாட்டுக் கேசட் ஒன்று கொடுத்திருந்தார். எங்கோ ஒரு இசை விழாவில், மேடையில் வாசிக்கும்போதே பதிவு செய்த ஜாஸ் கிதார். வார்த்தையே கிடையாது. தன்னைத் தூக்குகிற அன்று இதைத்தான் போட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

வியாசர்பாடியில் எங்கள் பிளாக்கில் சாவு என்றால் மேளமும் கானாவும்தான். அம்மாவின் அண்ணனான பெரிய மாமாவுக்குத் தம்பியின் கிதாரே ஆகாது. "பாட்டே இல்லாத பாட்டு. டீ ஆத்துற மாறி இழுத்துகினே கீது. ஊரு சிரிக்கும்" என்றார். அம்மா கேசட்டை மைக் செட்காரரிடம் கொடுத்துவிட்டாள்.

குழாய் ஒலிபெருக்கியில் கிதார் கரகரத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் கொஞ்சம் அடங்கினார்கள். முதல் வாசிப்பு முடிந்ததும் யாரும் நினைத்துப் பார்க்காதது நடந்தது. குழாயிலிருந்து கைதட்டல் கொட்டியது. விசில் வேறு. பிணத்தின் தலைமாட்டில் ஆயிரம் பேர் நின்று தட்டுவதுபோல் இருந்தது. மேளக்காரர் ஒருவர் தானும் தட்டப்போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

"சாவு வூட்ல இன்னாடா கைதட்டு, கலீஜா? நிறுத்துடா" என்று பெரிய மாமா செட்காரரிடம் போனார்.

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "வுடுணா. நம்ம வூட்ல ஒர்த்தராச்சும் ஒரு நாளு அவனுக்குத் தட்டிக்கீறமா?"

பெரிய மாமா அங்கேயே நின்றுவிட்டார். அடுத்த வாசிப்பு ஓடிக்கொண்டிருந்தபோது பாடை கட்டி முடிந்தது. தூக்குகிறவர்கள் குனிந்தார்கள். செட்காரர் நிறுத்தப்போனார். பெரிய மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருப்பா, முடியட்டும்."

வெயில் ஏறியது. ஆட்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். கிதார் நின்றது. கைதட்டல் எழுந்து, மெலிந்து, கடைசிக் கையும் ஓய்கிறவரை அவர் அசையவில்லை. பிறகுதான் "தூக்குங்க" என்றார்.

ராகு காலம் கழியட்டும் என்று நிற்கிறார் போல என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன்.