வேறு மருந்து உண்டா?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்விக்கு நானே பதில் சொன்னேன். அவ்வளவுதான் செய்தேன். அதற்கே வீட்டில் மூன்று நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

விஷயம் இதுதான். நான்கு வருஷமாக நான் டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நான் எழுதும் இந்தப் பத்தியில் டிராஃபிக்கைத் திட்டியிருக்கிறேன், ஆபீஸைத் திட்டியிருக்கிறேன். இதை மட்டும் எழுதியதில்லை. ஏன்? பயம்தான், வேறென்ன? எங்கள் வலியசாலைத் தெருவில் ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கஷாயம் போடுவார்கள்.

இன்னொன்று — எனக்குக் குழந்தை வேண்டும். யாரும் நச்சரித்து இல்லை. எனக்கே வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மாமியார் ஒரு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார். மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். குழந்தைக்காக நாற்பத்தொரு நாள் மருந்து நெய், கூடவே பத்தியம். வைத்தியர் மலையாளி. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"வேற மருந்து ஏதாவது கழிக்கறதுண்டோ?" சாப்பிடுகிறாயா என்று அர்த்தம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லை. இவளுக்கு ஜலதோஷம்கூட வராதாக்கும்!"

வெளியே வந்ததும் எனக்கு விளக்கம். "தெருக்காரா பாதிப் பேர் அந்த பெஞ்சில உக்காந்திருக்கா. அவா காதுல விழ இதைப் பறயணுமோ? இல்லைன்னு சொல்லியாச்சு, நாப்பத்தொரு நாள்தானேடி... அந்த மாத்திரையை நிறுத்திடு."

நிறுத்தினேன். ஒரே நாளில். என் டாக்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன் — எனக்கும் வெட்கம்தான்.

முதல் வாரமே தலைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி இருந்தது. ஐந்தாவது வாரம், கழக்கூட்டம் என்ற இடத்தில் இருக்கும் என் ஆபீஸ் பார்க்கிங்கில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்ற முடியவில்லை. கை நன்றாகத்தான் இருந்தது. கழற்றி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. இருந்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். செக்யூரிட்டி அக்காதான் பார்த்துவிட்டு என் கணவர் ஹரிக்குப் போன் போட்டார்.

நெய்யை மட்டும் ஒரு நாள் தவறவிடவில்லை, தெரியுமா?

"குழந்தை வேணும்னா சொல்லியிருக்கலாமே! யாரைக் கேட்டு நிறுத்தினே?" என்று, ஹரி கூட்டிக்கொண்டு போனதும், என் டாக்டர் சத்தம் போட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். மாத்திரையிலும் ரிஸ்க் உண்டு, நோயிலும் ரிஸ்க் உண்டு. இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மறுபடி நிமிர எனக்கு எட்டு மாதம் ஆனது. அதன் பிறகு அவரும் மகப்பேறு டாக்டரும் பேசி, ஒரு மாத்திரையை மெதுவாக மாற்றினார்கள். டோஸைப் பார்த்துப் பார்த்து வைத்தார்கள். "டெஸ்ட் பாசிட்டிவ்னா பயந்து நிறுத்தாதே. முதல்ல எனக்குப் போன் பண்ணு" என்றார் டாக்டர். இது என் உடம்புக்கு எடுத்த முடிவு. உங்களுக்கு வேறாக இருக்கலாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள். பக்கத்து வீட்டைக் கேட்காதீர்கள்!

இப்போது போன ஞாயிறு. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடி நெய்க்குக் கிளம்பினார். "சண்டை வேண்டாம்" என்றார் ஹரி. "சண்டை எதுக்கு? கேட்டா பதில் சொல்வேன்" என்றேன்.

அதே வைத்தியர். அதே பெஞ்சு. அதே கேள்வி. அம்மா மூச்சை இழுத்தார்... நான் முந்திக்கொண்டேன்.

"உண்டு. டிப்ரஷனுக்கு. தினமும் சாப்பிடறேன். நிறுத்தப் போறதில்லை."

கொஞ்சம் உரக்கத்தான் சொல்லிவிட்டேன். பெஞ்சில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார். அம்மாவைப் பார்த்தார். "அன்னிக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே? தெரிஞ்சிருந்தா நான் நெய் கொடுத்திருக்கவே மாட்டேன். அந்த மாத்திரையை நிறுத்துன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். முதல்ல டாக்டரைக் கேட்டுட்டு வாங்க."

அப்படியானால் அன்றைக்கு என்னை நிறுத்தச் சொன்னது யார்? வைத்தியர் இல்லை, பத்தியம் இல்லை. அந்த பெஞ்சு! அதில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேருக்காக நான் செத்துப் போகப் பார்த்தேன்.

ஆட்டோவில் அம்மா சொன்னார். "மானம் போச்சு. நாளைக்குக் கோயில்ல எல்லாரும் கேப்பா."

"கேக்கட்டும்மா. டோஸையும் சேர்த்துச் சொல்றேன்."

நான்காம் நாள் காபி டம்ளரை என் முன்னால் டொக்கென்று வைத்தார். "அடுத்த தடவை அந்த டாக்டர்கிட்ட நானும் வரேன். எனக்கும் நாலு கேள்வி கேக்கணும்."

"வாங்கோம்மா. நாப்பது கேளுங்கோ. ஆனா அவர் என்னைக் கேட்டா, நான்தான் பதில் சொல்வேன்."