ஷட்டவுன் நாளில் திறந்த பின்பால் மெஷின்

ஸ்ரீரங்கத்தில் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் மின்சாரத்தை நிறுத்துவார்கள். ஷட்டவுன் என்போம். காலை ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும். என்னைப் போன்ற ரிப்பேர்காரனுக்கு அது தோதான நாள். ஃபேன் சுத்தலை, மிக்ஸி ஓடலை என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்படி ஒரு நாளில்தான் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடும் அம்மாவின் டீ, ஐஸ்கிரீம் கடைக்குப் போய் அங்கிருந்த பின்பால் மெஷினைத் திறந்தேன்.

ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு பாய்ந்து, முட்டுகிற இடமெல்லாம் விளக்கு எரியும் விளையாட்டு அது. அடியில் வரிசை வரிசையாகக் குட்டிக் குண்டு பல்புகள். அவற்றின் சூட்டில் மேல்பலகையின் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. அத்தனையையும் எல்இடியாக மாற்ற வேண்டும்.

"பல்ப மட்டும் மாத்துங்க தம்பி. போர்டுல கைய வச்சிராதீங்க. அது போச்சுன்னா இதுமேல அடுப்ப வச்சு பஜ்ஜிதான் போடணும்" என்றார் அக்கா.

இவர் பேச்சைக் கேட்பதற்காகவே நான் இன்னொரு டீ சொல்கிறவன். அன்று அவர் முகத்தில் சிரிப்பில்லை. இந்த மெஷினுக்காகத்தான் பிள்ளைகள் நாலு கடை தாண்டி இங்கே வருகிறார்கள். மெஷினை ஓட்டும் அந்த எலக்ட்ரானிக் போர்டுக்கு மாற்று எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

பலகையைத் தூக்கி முட்டுக் கொடுத்தேன். பிளக்கைப் பிடுங்கவில்லை. ஷட்டவுன்தானே!

மூன்று மணி இருக்கும். கடைசி வரிசையில் ஒரு பல்பு ஹோல்டர் வளைந்து, குண்டைத் தள்ளும் காயிலுக்குப் பக்கத்தில் சிக்கியிருந்தது. விரலை நுழைத்து அதைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஃபேன் கிறீச்சிட்டது.

"கரண்ட் வந்துருச்சு!" தெருவில் யாரோ கத்தினார்கள்.

மெஷின் விழித்துக்கொண்டது. டக் டக்கென்று காயில்கள் என் மணிக்கட்டுக்கருகே அடித்தன. பல்புக்குப் போவது ஆறு வோல்ட். காயிலுக்கு ஐம்பது. ஹோல்டரின் தகரம் காயில் முனையிலிருந்து ஒரு நூல் தள்ளி நின்றது. விரலை எடுத்தால் தொட்டுவிடும்; தொட்டால் போர்டு காலி.

"அக்கா, பிளக்கைப் புடுங்குங்க!"

"எது?"

"ஃப்ரீசருக்குப் பின்னாடி!"

அவர் குனிந்து பிடுங்கினார். ஃப்ரீசர் நின்றது. மெஷின் ஓடியது.

"ஐயோ, அது இல்லக்கா! கறுப்பு ஒயரு!"

"ரெண்டுமே கறுப்பாத்தான்யா இருக்கு!"

கத்தியதில் கை ஆடிவிட்டது. நீலமாக ஒரு பொறி. அதற்குப் பிறகுதான் சரியான பிளக் வந்தது.

கையை வெளியே எடுத்து, ஹோல்டரைத் தனியாக விலக்கிக் கட்டிவிட்டு, இரண்டு பிளக்கையும் திரும்பச் செருகச் சொன்னேன். விளக்குகள் எரிந்தன. ஸ்கோர் வந்தது. இடதுபக்கம் மட்டும் ஒரு வரிசை இருட்டு.

"அந்தப் பக்கம் ஏன் எரியல?"

பல்பு கோளாறு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நான் பிளக்கைப் புடுங்காம வேலை பாத்தேங்க்கா. போர்டுல ஒரு டிரான்சிஸ்டர் போயிருக்கும். மத்ததெல்லாம் உயிரோட இருக்கு. அத மாத்திடலாம். ஆனா போர்டுல கை வச்சாகணும்."

அக்கா என்னையே பார்த்தார். ஃப்ரீசருக்குப் பின்னால் போனார். இந்த முறை சரியான பிளக்கையே பிடுங்கிக்கொண்டு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, பிளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப வைங்க."